கூட்டாளிகள் மோதிக்கொண்டால் நிறுவனத்தை மூட உத்தரவிட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

ஏர்பேடு (திருப்பதி): திருப்பதியில் இருந்து ஸ்ரீகாளஹஸ்தி செல்லும் வழியில் உள்ள ஏர்பேடு, 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தற்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஐஐடி திருப்பதியின் நிரந்தர வளாகம் இங்குதான் அமைந்துள்ளது. விசாகப்பட்டினம் - சென்னை தொழில் வழித்தடத்தின் ஒரு முனையமாகவும் ஸ்ரீகாளஹஸ்தி - ஏர்பேடு பகுதி அறிவிக்கப்பட்டுள்ளது. இத்தகைய பகுதிகளில் பெரிய ஆலைகளைச் சுற்றி உருவாகும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை நண்பர்கள், சகோதரர்கள் அல்லது உறவினர்கள் இணைந்து தொடங்குபவை.

அந்த உறவு முறிந்தால் நிறுவனம் என்னவாகும்? ஒரு தரப்பு நீதிமன்றத்தை அணுகி நிறுவனத்தையே மூடச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது சட்டம். ஆனால், அது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கிறது.

எங்கே தொடங்குகிறது சிக்கல்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஏர்பேட்டில் இருவர் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கி, உதிரி பாகங்கள் தயாரிக்கும் சிறு ஆலையை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தலா 50 சதவீதப் பங்கு. இருவரும் இயக்குநர்கள். நாற்பது தொழிலாளர்கள் பணியாற்றுகின்றனர். வங்கிக் கடனும் உள்ளது. சில ஆண்டுகளில் இருவருக்கும் இடையே பேச்சு நின்றுவிடுகிறது.

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 174-வது பிரிவின்படி, இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வர வேண்டும். இருவர் மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் வர மறுத்தாலே கூட்டம் நடக்காது. கூட்டம் நடக்காவிட்டால் ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் கிடைக்காது. ஒப்புதல் இல்லாத கணக்கை நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவும் முடியாது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யப்படாவிட்டால், 164-வது பிரிவின்படி இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழக்கின்றனர். அந்த நிறுவனத்தில் மீண்டும் நியமிக்கப்படவோ, வேறு நிறுவனத்தில் இயக்குநராகவோ அவர்களால் முடியாது.

ஆலை லாபத்தில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே நிர்வாகம் இவ்வாறு செயலிழந்துவிடக்கூடும். சட்ட வழக்கில் இந்நிலை 'முட்டுக்கட்டை' எனப்படுகிறது.

பங்குகள் சமமாக இல்லாத நிறுவனங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பவர் சிறுபான்மைப் பங்குதாரரை இயக்குநர் பதவியில் இருந்து நீக்குவது, கணக்குகளைக் காட்ட மறுப்பது, புதிய பங்குகளை வெளியிட்டு அவரது பங்கின் அளவைக் குறைப்பது போன்றவை வழக்கமான புகார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்பதால், பாதிக்கப்பட்டவர் தனது பங்கை விற்று வெளியேறுவதும் எளிதல்ல.

சட்டம் தரும் கடைசி வழி

நிறுவனத்தைக் கலைக்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய சூழ்நிலைகளை, நிறுவனங்கள் சட்டத்தின் 271-வது பிரிவு ஐந்தாக வகுக்கிறது. நிறுவனமே சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றுவது, நாட்டின் இறையாண்மைக்கு எதிராகச் செயல்படுவது, மோசடி, தொடர்ந்து ஐந்து நிதியாண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாதது ஆகியவை முதல் நான்கு. நிறுவனத்தைக் கலைப்பதே 'நியாயமானது, சமநீதியானது' என்று தீர்ப்பாயம் கருதுவது ஐந்தாவது. உரிமையாளர்களுக்கு இடையிலான தகராறுகள் பெரும்பாலும் இந்த ஐந்தாவது காரணத்தின் கீழ் வருகின்றன.

கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலை இந்தப் பட்டியலில் இப்போது இல்லை. அது 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் தனியாகக் கையாளப்படுகிறது. எனவே, நன்றாக இயங்கும் நிறுவனமும் கூட்டாளிகளின் சண்டையால் கலைப்பு மனுவைச் சந்திக்க நேரலாம்.

முன்பு இத்தகைய மனுக்களை உயர் நீதிமன்றங்கள் விசாரித்தன. 2016 ஜூன் 1 முதல் செயல்படும் தீர்ப்பாயத்திடம் அந்த அதிகாரம் அதே ஆண்டு டிசம்பரில் சென்றது. ஆந்திரப் பிரதேச நிறுவனங்களின் வழக்குகள் அமராவதி அமர்வில் விசாரிக்கப்படுகின்றன. மேல்முறையீடு செய்ய விரும்புவோர் 45 நாட்களுக்குள், தென் மாநிலங்களுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுக வேண்டும். அதன் பிறகு, சட்டப் பிரச்சினை இருந்தால் உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லலாம்.

பேசிக்கொள்ளாத இரு முதலாளிகள்

'நியாயமும் சமநீதியும்' என்ற இந்த அளவுகோல் கூட்டாண்மைச் சட்டத்தில் இருந்து வந்தது. கூட்டு வணிகத்தின் அடித்தளம் பரஸ்பர நம்பிக்கை. அது முற்றாகப் போய்விட்டால் ஒருவரை மற்றவருடன் கட்டிப்போடுவது நியாயமல்ல என்பதே இதன் சாரம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் இதே காரணத்துக்காகக் கூட்டு வணிகத்தைக் கலைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, 1916-இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட யெனிட்ஜே புகையிலை நிறுவன வழக்கு. அந்நிறுவனத்தின் இரு உரிமையாளர்களும் சம உரிமை கொண்டவர்கள். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருவர் சொல்ல விரும்புவதை நிறுவனச் செயலாளர் மற்றவரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நிறுவனம் நல்ல லாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும், உண்மையில் இது கூட்டாண்மையே என்று கருதிய நீதிமன்றம், கலைப்புக்கு உத்தரவிட்டது.

1972-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த எப்ராஹிமி வழக்கு இந்தக் கொள்கையை மேலும் விரிவாக்கியது. கம்பள வணிகத்தில் சம கூட்டாளிகளாக இருந்த இருவர், 1958-இல் அதை நிறுவனமாக மாற்றினர். பின்னர் ஒருவரின் மகனும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1969-இல் தந்தையும் மகனும் சேர்ந்து மற்றொரு கூட்டாளியான எப்ராஹிமியை இயக்குநர் பதவியில் இருந்து நீக்கினர். லாபம் முழுவதும் இயக்குநர்களின் ஊதியமாகவே பகிரப்பட்டு வந்ததால், பதவி போனதுமே அவரது வருமானமும் நின்றது. நீக்கியது சட்ட விதிப்படி செல்லும் என்றாலும், நம்பிக்கையின் பேரில் உருவான உறவில் அது நியாயமாகாது எனக் கூறி நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிடப்பட்டது.

ராஜமுந்திரி வழக்கு காட்டிய பாதை

இந்தியாவில் இந்தச் சட்டம் வளர்ந்த விதத்தில் ஆந்திர மண்ணுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1950-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜமுந்திரி மின் விநியோக நிறுவன வழக்கே அது. நிறுவன நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது, மின்சாரம் வாங்கியதற்காக அரசுக்குப் பெருந்தொகை நிலுவையில் உள்ளது, இயந்திரங்கள் பழுதடைந்துள்ளன, அதிகாரம் ஒரு சிறு குழுவின் கையில் சிக்கியுள்ளது என்று கூறி, பங்குதாரர் ஒருவர் நிறுவனத்தைக் கலைக்கக் கோரினார்.

நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் எழுதிய தீர்ப்பு, ஒரு நுட்பமான எல்லையை வகுத்தது. இயக்குநர்கள் நிர்வாகத்தில் தவறு செய்தார்கள் என்பது மட்டும் கலைப்புக்குப் போதாது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு பங்குதாரர்களுக்கே உரியது. ஆனால், அதிகாரக் குழு ஆதிக்கம் செலுத்துவதால் மற்ற பங்குதாரர்களால் எதையும் சரிசெய்ய முடியாத நிலை இருந்தால், கலைப்புக்கான காரணம் உருவாகிவிடுகிறது.

ஆயினும் நிறுவனம் மூடப்படவில்லை. 1951-இல் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த பிரிவைப் பயன்படுத்தி, இரண்டு நிர்வாகிகளை ஆறு மாத காலத்துக்கு நியமித்து, இயக்குநர்களின் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனுவுக்கு முதலில் ஒப்புதல் அளித்த சிலர் பின்னர் அதைத் திரும்பப் பெற்றதாலேயே மனு செல்லாததாகிவிடாது, தாக்கல் செய்த நாளின் நிலையையே பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மூடுவதற்கான காரணம் இருந்தாலும், மூடாமல் தீர்க்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறையே இன்றைய சட்டத்தின் 241, 242 பிரிவுகளில் தொடர்கிறது.

மூடாமல் தீர்க்கும் வழி

ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு ஆகிய புகார்களுடன் 241-வது பிரிவின் கீழ் பங்குதாரர்கள் தீர்ப்பாயத்தை அணுகலாம். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது வைத்திருப்பவர், அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர் மனு செய்யத் தகுதி பெறுகின்றனர். தேவைப்பட்டால் இந்த நிபந்தனையைத் தளர்த்தவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

கலைப்பதற்கான நியாயமான காரணம் இருந்தும், கலைத்தால் பங்குதாரர்களுக்கு அநீதி நேரும் என்று தீர்ப்பாயம் கருதினால், 242-வது பிரிவின்படி வேறு தீர்வு காணலாம். ஒருவரது பங்கை மற்றவரோ நிறுவனமோ வாங்கிக்கொள்ளச் சொல்வது, நிர்வாக இயக்குநரை நீக்குவது, ஒப்பந்தங்களை ரத்து செய்வது, இனி நிறுவனம் நடத்தப்பட வேண்டிய முறையை வகுப்பது ஆகியவை அவற்றுள் சில. வழக்கு நடக்கும்போதே இடைக்கால உத்தரவும் பிறப்பிக்கலாம்.

தந்தையும் மகனும் மட்டுமே பங்குதாரர்களாகவும் இயக்குநர்களாகவும் இருந்த ஒரு நிறுவனத்தின் தகராறு, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. ராதாரமணன் எதிர் சந்திரசேகர ராஜா என்ற அந்த வழக்கில் 2008-இல் தீர்ப்பு வந்தது. ஒடுக்குமுறை முழுமையாக நிரூபிக்கப்படாவிட்டாலும், முட்டுக்கட்டையால் நிறுவனம் இயங்க முடியாத நிலையில், ஒருவரின் பங்குகளை மற்றவர் மதிப்பீட்டின்படி வாங்கிக்கொள்ளும்படி உத்தரவிடலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குடும்ப நிறுவனங்களுக்கு இத்தீர்ப்பு இன்றும் வழிகாட்டியாக உள்ளது.

எல்லா மனக்கசப்பும் காரணமாகாது

1975-இல் ஹிந்த் ஓவர்சீஸ் வழக்கில், நிறுவனக் கலைப்பு என்பது வேறு பயனுள்ள வழி இல்லாதபோது நாட வேண்டிய கடைசிப் புகலிடம் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வெளித்தோற்றத்தில் நிறுவனமாக இருந்தாலும் உள்ளே கூட்டாண்மையாகவே செயல்படுகிறது என்று நிரூபித்தால்தான், கூட்டாண்மைக் கலைப்புக்கான கொள்கைகளைப் பயன்படுத்த முடியும் என்றும் கூறியது. அந்த வழக்கில் கலைப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது டாடா சன்ஸ் வழக்கு. 2016 அக்டோபர் 24 அன்று சைரஸ் மிஸ்திரி செயல் தலைவர் பதவியில் இருந்து நீக்கப்பட்டதை அடுத்து, நிறுவனத்தில் 18.37 சதவீதப் பங்கு கொண்ட ஷபூர்ஜி பலோன்ஜி குழுமம் வழக்கு தொடர்ந்தது. மிஸ்திரியை மீண்டும் பதவியில் அமர்த்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் உத்தரவிட்டது. 2021 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவரைப் பதவியில் இருந்து நீக்குவது மட்டுமே ஒடுக்குமுறை ஆகாது, நிறுவனத்தைக் கலைப்பதே நியாயம் என்று சொல்லும் அளவுக்குக் காரணங்கள் இருந்தால்தான் 242-வது பிரிவின் கீழ் நிவாரணம் கிடைக்கும் என்பது தீர்ப்பின் முக்கிய அம்சம்.

மேலும், 273-வது பிரிவு தீர்ப்பாயத்துக்கு மற்றொரு அதிகாரத்தையும் தருகிறது. வேறு தீர்வு இருக்கும்போது, அதை நாடாமல் நியாயமற்ற முறையில் கலைப்பை மட்டுமே கோருபவரின் மனுவை நிராகரிக்கலாம். எதிர்த் தரப்பை மிரட்டிப் பணியவைக்கும் ஆயுதமாகக் கலைப்பு மனு பயன்படுவதைத் தடுப்பது இதன் பயன்.

உத்தரவு வந்தால் என்ன நடக்கும்?

கலைப்பு மனு குறித்த அறிவிப்பு, விசாரணைக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பு ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் வெளியிடப்பட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் விதிகள். அதுவரை இருவருக்குள் இருந்த தகராறு, அன்று முதல் வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் மூலப்பொருள் தருபவர்களுக்கும் தெரியவரும். சரக்கைக் கடனுக்குத் தந்தவர்கள் கையில் பணம் கேட்கத் தொடங்குவார்கள். மனுவின் மீது 90 நாட்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று சட்டம் கூறினாலும், மேல்முறையீடுகளால் இத்தகைய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வது உண்டு.

உத்தரவு வந்ததும், தீர்ப்பாயம் நியமிக்கும் கலைப்பாளர் நிறுவனத்தின் சொத்துகளையும் கணக்குப் புத்தகங்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். இயக்குநர்களின் அதிகாரம் முடிவுக்கு வருகிறது. தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் மீது புதிய வழக்குத் தொடரவோ, பழைய வழக்கை நடத்தவோ முடியாது.

இதில் அதிகம் கவனிக்கப்படாதது 277-வது பிரிவு. வணிகத்தைத் தொடர்ந்து நடத்த முடிவு செய்யப்பட்டால் அன்றி, கலைப்பு உத்தரவே அதிகாரிகள், ஊழியர்கள், தொழிலாளர்கள் அனைவருக்குமான பணிநீக்க அறிவிப்பாகக் கருதப்படும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், சண்டையிட்டவர்கள் இருவர். ஆனால், ஒரே உத்தரவில் வேலை இழப்பவர்கள் நாற்பது பேர்.

அவர்களுக்குச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. 326-வது பிரிவின்படி, தொழிலாளர்களின் நிலுவைத் தொகை, ஈடு பெற்ற கடனாளர்களுக்கு இணையான முன்னுரிமை பெறுகிறது. அதிலும் கலைப்பு உத்தரவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஊதிய நிலுவையை, சொத்துகள் விற்கப்பட்ட 30 நாட்களுக்குள் மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்பாகக் கொடுக்க வேண்டும். எனினும், சொத்துகள் விற்றால்தான் பணம் வரும். இயங்கும் ஆலைக்குக் கிடைக்கும் விலை, பூட்டிய ஆலையின் இயந்திரங்களுக்குக் கிடைப்பதில்லை.

தொழிலாளர்கள், வங்கிகள், அரசு, மற்ற கடன்காரர்கள் என அனைவருக்கும் கொடுத்த பிறகு எஞ்சுவதே பங்குதாரர்களுக்கு உரியது. எனவே, மனுத் தாக்கல் செய்து வென்றவரும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பின், 302-வது பிரிவின் கீழ் நிறுவனம் கலைந்ததாகத் தீர்ப்பாயம் அறிவிக்கும்போது அதன் சட்ட ஆயுள் முடிகிறது.

எல்எல்பி-க்கு விதி வேறு

வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையான எல்எல்பி அமைப்புக்கு 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்துகிறது. நியாயமும் சமநீதியும் கருதி எல்எல்பி-யைக் கலைக்க அதன் 64-வது பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. கூட்டாளிகளின் எண்ணிக்கை ஆறு மாதங்களுக்கு மேல் இரண்டுக்குக் கீழே இருந்தாலும் கலைக்கலாம்.

ஆனால், இங்கு வெளியேறுவது எளிது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லை என்றால், 30 நாட்களுக்குக் குறையாத எழுத்துப்பூர்வ அறிவிப்புத் தந்து ஒரு கூட்டாளி விலகலாம். தனி ஒப்பந்தம் இல்லாத எல்எல்பி-க்களில், கூட்டாளிகளிடையே தீராத தகராறுகளை நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் முதல் அட்டவணை கூறுகிறது.

அமெரிக்காவில் எல்எல்சி எனப்படும் நிறுவனங்களிலும் இதே கேள்வி எழுகிறது. ஒப்பந்தப்படி வணிகத்தைத் தொடர்வது நடைமுறையில் இயலாதபோது, நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிடலாம் என்பது டெலவேர் மாநிலச் சட்டம். ஓர் உணவகம் இயங்கிய நிலத்தைச் சம பங்கில் வைத்திருந்த இருவரின் எல்எல்சி, 2004-இல் இந்த அடிப்படையில் கலைக்கப்பட்டது. வெளியேறும் வழி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும், வங்கிக் கடனுக்குத் தந்திருந்த தனிப்பட்ட உத்தரவாதத்தில் இருந்து விலகுபவரை அது விடுவிக்கவில்லை என்பதால், அந்த வழி போதுமானதல்ல என்று நீதிமன்றம் கருதியது. இந்தியச் சிறு நிறுவனங்களிலும் வங்கிக் கடனுக்கு இயக்குநர்கள் தனிப்பட்ட உத்தரவாதம் தருவது வழக்கம் என்பதால், இது கவனிக்க வேண்டிய பாடம்.

தொடங்கும்போதே எழுத வேண்டியவை

தீர்ப்பாயத்துக்குச் சென்ற பிறகும் சமரசத்துக்கு இடம் உண்டு. 442-வது பிரிவின் கீழ் சமரசக் குழுவுக்கு வழக்கை அனுப்புமாறு எந்தத் தரப்பும் கோரலாம். ஆனால், பெரும்பாலான தகராறுகளுக்கு விடை, நிறுவனம் தொடங்கும் நாளில் எழுதப்படும் சங்க விதிகளிலும் பங்குதாரர் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்.

சம பங்கு உள்ள நிறுவனத்தில் வாக்குகள் சமமானால் யாருடைய முடிவு செல்லும், இரண்டு இயக்குநர்களுடன் மூன்றாவதாகப் பொதுவான ஒருவரைச் சேர்க்கலாமா, ஒருவர் விலக விரும்பினால் அவரது பங்கை யார் வாங்குவது, விலையை எந்த மதிப்பீட்டாளர் எந்த முறையில் நிர்ணயிப்பது, விலகுபவரின் வங்கி உத்தரவாதத்தை யார் ஏற்பது, பங்குதாரர் இறந்தால் வாரிசுகளுக்கு நிர்வாகத்தில் இடம் உண்டா ஆகிய கேள்விகளுக்கு விடை எழுதிவைக்கப்பட வேண்டும். பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதியவற்றைச் சங்க விதிகளிலும் சேர்ப்பது, பின்னர் அவை நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமா என்ற வாதத்தைத் தவிர்க்க உதவும்.

நல்லுறவு இருக்கும்போது இவற்றைப் பேசுவது சங்கடமாகத் தோன்றலாம். ஆனால், உறவு முறிந்த பிறகு இதே கேள்விகளுக்குத் தீர்ப்பாயம் விடை காண வேண்டியிருக்கும். அதற்குள் ஆலையின் மதிப்பும் தொழிலாளர்களின் வேலையும் பாதிக்கப்பட்டிருக்கும்.